டாக்டரின் எண் எங்கே?

சிகந்தராபாத் பத்மாராவ் நகரில் 40 வருடங்களாகக் குடியிருக்கும் என் பெரியம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ஹைதராபாத்தின் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு வந்து சேர்ந்தபோது இரவு மணி ஒன்பது.

இடையில் போன 13 மணி நேரமும் பில் கவுன்டருக்கு எதிரே கழிந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது என்றார் கவுன்டரில் இருந்த இளைஞர். என்ன கேள்வி? ஆபரேஷன் செய்த டாக்டரின் பதிவு எண்ணும் மாநிலக் குறியீடும் பொருந்தவில்லையாம். டாக்டர் வேறு மாநிலத்தில் படித்துப் பதிவு செய்தவர். பிறகு தெலங்கானாவில் பதிவு செய்து புது எண் வாங்கினார். பாரத்தை நிரப்பியவர் பழைய எண்ணை எழுதி, புது மாநிலத்தின் குறியீட்டைப் போட்டுவிட்டார். டாக்டரோ அடுத்த ஆபரேஷனில் இருந்தார். அவர் வெளியே வந்து சரியான எண்ணைச் சொல்லும்வரை பெரியம்மா டிஸ்சார்ஜ் ஆன நோயாளியாகவும் ஆகாத நோயாளியாகவும் ஒரே நேரத்தில் இருந்தார்.

சேர்க்கும்போது பெரியம்மாவிடம் கேட்ட எண்களை அப்போது நினைத்துப் பார்த்தேன். ஆதார் எண், பான் எண், பாலிசி எண், கைபேசி எண், 'ஆபா' எனப்படும் 14 இலக்க ஆரோக்கியக் கணக்கு எண். எல்லாவற்றுக்கும் நகல் வேறு. இத்தனை எண்களைத் தந்தவரின் கைக்குக் கடைசியில் வந்த பில்லில் 'சர்ஜன் கட்டணம்' என்று ஒரு வரி இருந்தது. எந்த சர்ஜன்? பெயர் இல்லை. எண்ணும் இல்லை.

பெரியம்மாவின் பேத்தி ஹைடெக் சிட்டியில் இரவு ஷிப்ட்டில் வேலை பார்க்கிறாள். அமெரிக்க டாக்டர்களின் பில்களைச் சரிபார்த்து அங்குள்ள இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு அனுப்பும் வேலை. சென்னையையும் ஹைதராபாத்தையும் நம்பித்தான் அமெரிக்க மருத்துவ பில் வியாபாரத்தில் ஒரு பெரிய பகுதி ஓடுகிறது. பில்லை வாங்கிப் புரட்டிய அவள் சிரித்துவிட்டாள். "சித்தப்பா, அங்கே டாக்டர் நம்பர்ல ஒரு இலக்கம் தப்பா இருந்தாலும் கம்ப்யூட்டரே பில்லை வாங்காது. இங்கே பாட்டிக்கு ஆபரேஷன் பண்ணினது யாருன்னே பில்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியல" என்றாள்.

அவள் சொன்ன நம்பருக்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. அங்கேயும் ஒரு காலத்தில் ஒவ்வொரு இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஒரே டாக்டருக்குத் தன் இஷ்டப்படி ஓர் எண் கொடுத்துவந்தது. பத்து கம்பெனியோடு தொடர்பு வைத்திருந்தால் பத்து எண். கம்ப்யூட்டர் வழியே பில் அனுப்பத் தொடங்கியதும் இந்தக் குழப்பம் தாங்கவில்லை. 1996-ல் வந்த 'ஹிப்பா' சட்டம், மருத்துவச் சேவை தருகிற ஒவ்வொருவருக்கும் நாடு முழுவதற்கும் ஒரே எண் என்றது. 2004 ஜனவரியில் விதிகள் வெளியாயின. 2007 மே 23 முதல் அந்த எண் கட்டாயமானது. 'என்.பி.ஐ.' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

பத்து இலக்கம். அதைப் பார்த்து டாக்டரின் ஊரையோ படிப்பையோ சிறப்புப் பிரிவையோ யூகிக்க முடியாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். டாக்டர் ஊர் மாறலாம், ஆஸ்பத்திரி மாறலாம், கண் மருத்துவத்திலிருந்து வேறு துறைக்குப் போகலாம். எண் மாறாது. தனி மனிதருக்கு ஒரு வகை எண், நிறுவனத்துக்கு இன்னொரு வகை. பில்லில் பணம் கேட்பவர் யார், சிகிச்சை செய்தவர் யார், நோயாளியை அனுப்பிவைத்தவர் யார் என்று தனித்தனியாக எண் போட வேண்டும். கடைசி இலக்கம் காவல்காரன் மாதிரி. முந்தைய இலக்கங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டால் வருவது அது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1960-ல் காப்புரிமை பெற்ற இந்தக் கணக்குதான் கிரெடிட் கார்டு எண்களையும் காக்கிறது. ஓர் இலக்கம் பிசகினாலும் கணக்கு இடித்துவிடும்.

இவ்வளவையும்விட முக்கியமான விஷயம் வேறு. இந்த எண்களின் பட்டியல் பகிரங்கமானது. யார் வேண்டுமானாலும் எண்ணைத் தட்டி டாக்டர் யார் என்று பார்க்கலாம். பெயரைத் தட்டி எண்ணைப் பார்க்கலாம். ஹைதராபாத்தில் இருக்கும் ஓர் 23 வயதுப் பெண் ஓஹையோ மாநிலத்து டாக்டரைப் பற்றி அரை நிமிடத்தில் தெரிந்துகொள்கிறாள். தன் பாட்டியின் டாக்டரைப் பற்றி அப்படித் தெரிந்துகொள்ள முடியவில்லை.

நம்மிடம் கம்ப்யூட்டர் இல்லை, திறமை இல்லை என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் அந்த எண் கட்டாயமான அதே 2007 கோடையில்தான் ஹைதராபாத்தில் ஆரோக்யஸ்ரீ பிறந்தது. தானே டாக்டரான முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி, அந்த வருடம் ஏப்ரல் 1-ல் மகபூப்நகர், அனந்தபூர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் அதைத் தொடங்கிவைத்தார். வெள்ளை ரேஷன் கார்டு இருந்தால் போதும். பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் ஆபரேஷன். முன் அனுமதி கேட்பதிலிருந்து பணம் தருவதுவரை எல்லாம் கம்ப்யூட்டர் வழியாக நடந்தது. தமிழ்நாடு 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது ஆந்திரம் ஏற்கெனவே அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்தது. தெலங்கானாவில் இன்று அந்தத் திட்டத்தின் உச்சவரம்பு குடும்பத்துக்கு ரூ. 10 லட்சம். 2023 டிசம்பரில் உயர்த்தினார்கள்.

மருத்துவமனைகளுக்கு எண் கொடுக்கும் வேலையும் இதே ஊரில்தான் நடக்கிறது. இன்ஷூரன்ஸ் துறையைக் கட்டுப்படுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையத்தின் தலைமையகம் ஹைதராபாத். அது உருவாக்கிய இன்ஷூரன்ஸ் தகவல் மையமும் இங்கேயே. அந்த மையம் 'ரோகிணி' என்ற பதிவேட்டை நடத்துகிறது. அதில் சேரும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் 13 இலக்க எண் உண்டு. பணமில்லாச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் இதில் பதிய வேண்டும் என்று ஆணையம் 2016-ல் விதித்தது.

அந்த எண்ணின் குலம் கோத்திரம் தெரிய வேண்டுமானால் குளியலறைக்குப் போய் சோப்பு உறையைப் பாருங்கள். கோடுகளுக்குக் கீழே 890 என்று தொடங்கும் 13 இலக்கங்கள் இருக்கும். 890 என்பது 'ஜி.எஸ்.1' என்ற சர்வதேச அமைப்பு இந்தியாவுக்கு ஒதுக்கிய முன்னெண். ரோகிணி எண்ணும் அதே வம்சம்தான். முதல் 12 இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக 1, 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 103 என்று வந்தால் அதை 110 ஆக்க 7 தேவை. அந்த 7தான் கடைசி இலக்கம். சோப்புக்கும் எண் இருக்கிறது, சோப்புப் போட்டுக் கைகழுவும் ஆஸ்பத்திரிக்கும் எண் இருக்கிறது. கைகழுவிவிட்டுக் கத்தியை எடுக்கிறவருக்கு?

அவருக்கும் இருக்கிறது. ஆனால் ஒன்றல்ல. மாநில மருத்துவக் கவுன்சில் தரும் பதிவு எண் முதலாவது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று வரிசை வைத்திருப்பதால் ஒரே எண் சென்னையில் ஒருவருக்கும் ஹைதராபாத்தில் இன்னொருவருக்கும் இருக்கலாம். இன்ஷூரன்ஸ் பாரத்தில் 'மாநிலக் குறியீட்டுடன் பதிவு எண்' என்று கேட்பது அதனால்தான். 2014-ல் ஆந்திரம் பிரிந்த பிறகு கவுன்சிலும் இரண்டானது. மருத்துவமனை இடம் மாறாமல், டாக்டர் நாற்காலி மாறாமல், மாநிலம் மட்டும் மாறியது. பெரியம்மாவை நாள் முழுக்க உட்கார வைத்தது மருத்துவப் பிரச்னை அல்ல, இந்த மாதிரியான பூகோளப் பிரச்னை.

இதைத் தீர்ப்பதாகச் சொல்லி மத்திய அரசு இரண்டு பதிவேடுகள் தொடங்கியது. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்திய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் மருத்துவ நிபுணர்களுக்கு ஒரு பதிவேடு, மருத்துவமனைகளுக்கு ஒரு பதிவேடு. 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் தொடங்கிய தேசிய மருத்துவப் பதிவேடு இன்னொன்று. நாடு முழுவதற்கும் ஒரே எண் என்பதுதான் இவற்றின் நோக்கம். நடைமுறையில், ஏற்கெனவே இருந்த எண்களோடு மேலும் இரண்டு சேர்ந்திருக்கின்றன.

யாருக்கு எண் கொடுப்பதில் நாம் சுறுசுறுப்பு என்று பாருங்கள். 2025 தொடக்கத்தில் அரசு தந்த கணக்குப்படி நோயாளிகளுக்கான ஆபா எண் 70 கோடியைத் தாண்டிவிட்டது. நிபுணர்கள் பதிவேட்டிலோ நர்ஸுகளையும் சேர்த்து 5 லட்சத்துச் சொச்சம். நாட்டில் பதிவான அலோபதி டாக்டர்கள் மட்டுமே 13 லட்சத்துக்கு மேல். வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர்களை அடையாளம் காட்டுவதில் உள்ள அவசரம் வைத்தியம் பார்க்கிறவர்களை அடையாளம் காட்டுவதில் இல்லை.

எண் இல்லாததால் என்ன குடிமுழுகிப் போய்விட்டது என்று கேட்கலாம். 2024 ஆகஸ்டில் தெலங்கானா சி.ஐ.டி. போலீஸ் 20-க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் தொடர்பாக வழக்குப் பதிந்தது. முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து பணம் பெற, நடக்காத சிகிச்சைகளுக்குப் போலி பில்கள் தயாரித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த நிதி யாருக்கானது? எந்த இன்ஷூரன்ஸிலும் அடங்காமல், வட்டிக்குக் கடன் வாங்கி வைத்தியம் பார்த்தவர்களுக்கானது. காகித பில்லில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும் புரியாத கையெழுத்தும் இருந்தால் யாரை அழைத்து விசாரிப்பது?

ஒவ்வொரு பில்லிலும் சிகிச்சை செய்தவரின் எண் இருந்தால் கம்ப்யூட்டர் சில எளிய கேள்விகளைக் கேட்கும். ஒரே டாக்டர் ஒரே மணியில் வாரங்கலிலும் கம்மத்திலும் எப்படி ஆபரேஷன் செய்தார்? இவர் பெயரில் ஒரு நாளில் எத்தனை ஆபரேஷன்? தன் பெயரில் என்னென்ன பில்கள் போயிருக்கின்றன என்று டாக்டரே பார்க்கலாம். தான் பார்க்காத நோயாளிக்குத் தன் பெயரில் யாரோ பில் போட்டால் முதலில் கொதித்தெழப் போகிறவர் அவர்தான். எண் டாக்டருக்கு எதிரி என்று நினைப்பது தவறு. நேர்மையானவருக்கு அது பூட்டும் சாவியும்.

இதைவிட வேதனையான விஷயம் ஒன்று உண்டு. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கருப்பையை அகற்றினார்கள் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பொதுநல வழக்கு. அரசு இன்ஷூரன்ஸ் திட்டத்தில் பணம் பார்க்கவே இது நடந்தது என்று புகார். பத்து வருடம் கழித்து, 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது கோர்ட். ஆந்திரத்திலும் ஆரோக்யஸ்ரீயில் இந்த ஆபரேஷன் எண்ணிக்கை சர்ச்சையாகி, பிற்பாடு அதை அரசு மருத்துவமனைகளுக்கு ஒதுக்கினார்கள்.

இங்கே யோசிக்க வேண்டியது இது. ஒரு மருத்துவமனையில் நூறு கருப்பைகள் அகற்றப்பட்டன என்பது புள்ளிவிவரம். அவற்றில் 80-ஐ ஒருவரே செய்தார், பெண்களில் பெரும்பாலோர் 40 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பது கேள்வி. மருத்துவமனைக்கு மட்டும் எண் இருந்தால் புள்ளிவிவரம் கிடைக்கும். டாக்டருக்கும் எண் இருந்தால்தான் கேள்வி பிறக்கும். இழந்த உறுப்பைத் தீர்ப்பு திருப்பித் தராது. அடுத்த மாதமே எழுந்திருக்க வேண்டிய கேள்வி பத்து வருடம் தூங்கக் கூடாது.

எண் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி., 2023-ல் ஓர் அதிசயத்தை வெளியிட்டது. பத்து இலக்கமும் ஒன்பதாக இருக்கும் ஒரே கைபேசி எண்ணில் 7,49,820 பயனாளிகள் பதிவாகியிருந்தார்கள். பாரத்தில் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காக யாரோ ஒன்பதைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். சரிபார்க்காத எண் அலங்காரம்தான்.

அமெரிக்க அனுபவமும் எச்சரிக்கிறது. 2014 ஏப்ரலில் அந்த நாட்டு அரசு, மெடிகேர் திட்டத்தில் பணம் பெற்ற 8,80,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்கள், மற்ற மருத்துவச் சேவையாளர்களின் கணக்கை எண் வாரியாக வெளியிட்டது. மொத்தம் 7,700 கோடி டாலர். பத்திரிகைகள் பட்டியல் போட்டன. கோடிக்கணக்கில் வாங்கியதாகத் தெரிந்த சில டாக்டர்கள் உண்மையில் விலை உயர்ந்த ஊசி மருந்தை வாங்கிப் போட்ட கண் மருத்துவர்கள். சிலருடைய எண்ணில் மொத்த கிளினிக்கும் பில் போட்டிருந்தது. எண் ஒரு விசாரணையைத் தொடங்கிவைக்கும், தீர்ப்பை எழுதாது. அதிக ஆபரேஷன் செய்கிறவர் ஊரிலேயே நல்ல கைராசிக்காரராகவும் இருக்கலாம். அங்கும் திருட்டு எண்ணில் மோசடிகள் நடக்கத்தான் செய்கின்றன.

சிறிய ஊரில் ஐந்து படுக்கை வைத்து நடத்தும் டாக்டரின் கவலையும் நியாயமானது. இன்னொரு பதிவேடு, இன்னொரு பாரம், இன்னொரு பாஸ்வேர்டு. காலையில் 80 நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவில் இதற்கு உட்கார அவரால் முடியாது. அதனால்தான் எண்களைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும் என்கிறேன். கவுன்சிலில் பதியும் அன்றே நாடு முழுவதற்குமான ஓர் எண்; அதையே இன்ஷூரன்ஸ், ஆரோக்யஸ்ரீ, ஆயுஷ்மான் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது; மாநிலம் மாறினால் விலாசம் மட்டும் மாறுவது. இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

புதுச் சட்டமும் வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கை. 2002-ல் வந்த மருத்துவர் நடத்தை விதிகள், ஒவ்வொரு டாக்டரும் தன் பதிவு எண்ணை கிளினிக்கில் பார்வைக்கு வைக்க வேண்டும், மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பண ரசீதிலும் குறிப்பிட வேண்டும் என்கின்றன. பண ரசீதிலும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போகும் பாரத்தில் டாக்டர் பெயர், படிப்பு, பதிவு எண் மூன்றுக்கும் கட்டம் இருக்கிறது. பணம் கொடுக்கும் கம்பெனிக்குத் தெரிகிற விஷயம், உடம்பைக் கொடுத்தவருக்குத் தெரிய வேண்டாமா? அந்த மூன்று கட்டங்களை நோயாளியின் பில்லிலும் அச்சிட ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. அந்த எண்ணைத் தட்டினால் டாக்டரின் பெயரும் தகுதியும் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் எல்லாப் பதிவேடுகளிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். பட்டமில்லாமல் ஊசி போடுகிறவர்களிடம் இருந்து ஒரு கிராமத்துப் பெண்ணைக் காக்கும் மலிவான வழி அதுதான்.

ஒன்று மட்டும் தலைகீழாக இருக்க வேண்டும். டாக்டரின் எண் ஊரறிய இருக்கட்டும். நோயாளியின் எண்ணும் நோயும் உள்ளறையில் பூட்டியிருக்கட்டும். இப்போது பெரியம்மாவின் ஆதார் நகல் எந்தெந்த மேஜையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டாக்டரின் எண்தான் ரகசியம்போல் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனி இறுதி முடிவு சொல்ல வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் ஒரு டாக்டருக்கு நாலு எண் இருக்கும்வரை, ஏதாவது ஒன்று எங்காவது இடித்துக்கொண்டுதான் இருக்கும்.

அன்று இரவு கிளம்பும் முன் கவுன்டர் இளைஞரிடம், ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயரையும் எண்ணையும் பில்லில் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு தெலுங்கில், "இதுவரை யாரும் கேட்டதில்லையே சார்" என்றார். பேனாவை எடுத்து எழுதியும் கொடுத்தார்.

யாரும் கேட்டதில்லை. ஒருவேளை அங்கிருந்துதான் நாம் தொடங்க வேண்டும்.